அம்பாசிடருக்கு அஞ்சு கியர் பாக்ஸ் பொருந்துமா? ஏற்காட்டு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் காபித் தோட்டத்தில் அப்பா காலத்து அம்பாசிடர் நிற்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங்கில் கியர், நாலு ஸ்பீடு. சேலத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் இசுசு இன்ஜின் அம்பாசிடரின் அஞ்சு ஸ்பீடு கியர் பாக்ஸ் இருக்கிறது. வாங்கிப் போட்டால் பொருந்துமா?"

அப்படியே பொருந்தாது தம்பி. வண்டியின் பெயர் ஒன்று என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடாது. உங்கள் இன்ஜின் பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனி வகை. 1990களில் வந்த 1.8 இன்ஜின் ஜப்பான் இசுசு, 1817 சிசி. இன்ஜினின் பின்முகத்தில் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி, கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் கூடு) உட்காரும் போல்ட் துளைகள் இரண்டுக்கும் வேறு. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் செய்தால்தான் சேர்க்க முடியும்.

சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, பிளேட் செய்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் துளை சரியாக இருந்தால் மட்டும் போதாது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் மையமும், அந்தச் சுழற்சியை வாங்கும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பிளேட்டில் இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின் வைத்து, கிராங்கின் முனையில் இருக்கும் கனச் சக்கரமான ஃப்ளைவீலில் நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜ் கட்டிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் அளவில் "சரியா இருக்கு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மையம் விலகினால் பேரிங் சத்தம் போடும், கிளட்ச் உதறும், கியர் தானாக வெளியே வரும். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. செகண்டு கியரில் இன்ஜின் பிடிப்பை நம்பி இறங்கும்போது கியர் கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கிளட்ச். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கிளட்ச் பிளேட் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். அதன் வெளி விட்டம் ஃப்ளைவீலுக்கும், கிளட்ச் பிளேட்டை அதோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும், நடுவில் இருக்கும் பல் வரி புது கியர் பாக்ஸ் ஷாஃப்டில் உட்கார வேண்டும். பல் எண்ணிக்கையும் ஷாஃப்டின் தடிமனும் இரண்டுமே ஒத்துப்போக வேண்டும். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் உயரத்தையும் பாருங்கள். அது மாறினால் பெடலை முழுசாக மிதித்தாலும் கிளட்ச் விடாது.

இன்புட் ஷாஃப்டின் முனை கிராங்கில் இருக்கும் பைலட் புஷ் என்ற சிறு வளையத்துக்குள் போய் உட்காரும். முனையின் தடிமன், நீளம் இரண்டையும் அளக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வண்டியில் இதை அளக்காமல் ஏற்றினேன். கடைசி மூன்று மில்லிமீட்டர் போகவில்லை. போல்ட்டை முறுக்கி இழுத்தேன். ஷாஃப்ட் கிராங்கை முட்டிக்கொண்டு நின்றது, பெல் ஹவுசிங்கின் காது ஒன்று உடைந்தது. அந்த வண்டிக்காரர் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். அவருடைய இரண்டு வாரப் பிழைப்பு என்னால் போனது, இன்றும் மனசு உறுத்துகிறது. கியர் பாக்ஸ் கையால் தள்ளும்போதே முழுசாகப் போய் முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். போகவில்லையா, வெளியே எடுத்து அளந்து பாருங்கள்.

பின்பக்கம் வருவோம். கியர் பாக்ஸின் நீளம் மாறினால், அதிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் மாறும். ஷாஃப்டை வெட்டி, ஒட்டி, பேலன்ஸ் செய்ய சங்ககிரிப் பக்கம் போங்கள். லாரி ஊர், இந்த வேலை அவர்களுக்குக் கை வந்தது. அளவு எடுக்கும்போது வண்டி தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவைத்து ஆக்சில் தொங்கும்போது எடுக்கிற அளவு தப்பாகத்தான் வரும். கியர் பாக்ஸின் பின்முகமும், பின் ஆக்சில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் முன்முகமும் இணையாக இருக்கும்படி மவுண்டிங்கை வைத்தால் ஷாஃப்டின் முனைகளில் மடங்கிச் சுழலும் யூ ஜாயின்ட் அதிராது. ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், தரையில் கியர் லீவருக்கு ஓட்டை, இதெல்லாம் சில்லறை வேலை. முன்சீட் நீளப் பெஞ்சாக இருந்தால் மட்டும் லீவர் இடிக்காமல் வருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான கணக்கு. சக்கரத்துக்குப் போகும் இழுவை, கியர் விகிதத்தை டிஃபரன்ஷியல் விகிதத்தால் பெருக்கினால் வருவது. ஒரு உதாரணத்துக்கு, ஃபர்ஸ்ட் கியர் 3.8, டிஃபரன்ஷியல் 4.5 என்றால் 17.1. கியர் பாக்ஸோடு சேர்த்து வேறு வண்டியின் ஆக்சிலையும் வாங்கி, ஃபர்ஸ்ட் கியர் 3.5, டிஃபரன்ஷியல் 3.9 என்று அமைந்தால் 13.65. ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விட்டது. நெடுஞ்சாலையில் இது சுகம். அடிவாரத்திலிருந்து காபி மூட்டையோ நாலு ஆளோ ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது, வளைவுக்கு வளைவு கிளட்ச் கருகும்.

உங்கள் டிஃபரன்ஷியல் என்ன விகிதம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நாலரைச் சுற்று வந்தால் 4.5. அடுத்த சக்கரம் தரையில் நிற்பதால்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று.

என் அபிப்ராயம் கேட்டால், ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் மட்டுமே ஓடும் வண்டிக்கு அஞ்சாவது கியர் வேண்டாம். மலையில் அதைப் போடவே மாட்டீர்கள். இருக்கிற நாலு ஸ்பீடு பெட்டியைப் பிரித்து பேரிங், கியர் கரகரக்காமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங், ஆயில் சீல் மாற்றுங்கள். தொப்பூர் வழியாகப் பெங்களூருக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் மட்டும் அஞ்சு ஸ்பீடு. அப்போதும் பெட்டியைத் தனியாக வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து இன்ஜின், ஃப்ளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங், கியர் பாக்ஸ், மவுண்டிங், ஷாஃப்ட் என்று முழு செட்டாக எடுங்கள். அடாப்டர் தொல்லையே இருக்காது. இன்ஜின் நம்பர் ஆர்சி புத்தகத்தில் இருப்பதால் ஆர்டிஓவில் முதலில் அனுமதி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடைக்காரருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்தது என்பதையும், அந்தப் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் பல் எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.