பாதாம் மரத்தில் எந்தப் பூஞ்சை? காய்ந்த இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

[திரையில்: ஒரு கிளை. ஒரே ஒரு கொத்து இலை மட்டும் காய்ந்து தொங்குகிறது]

இந்தக் கிளையைப் பாருங்கள். ஒரு கொத்து இலை மட்டும் சருகாகிவிட்டது, பக்கத்துக் கொத்து பச்சைப் பசேலென்று இருக்கிறது. உடனே என்ன செய்வோம்? அந்தச் சருகில் நாலைப் பறித்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம், அவர்களும் தேடிப் பார்த்துவிட்டு இதில் ஒன்றும் இல்லையே என்பார்கள். ஆள் அங்கே இருந்தால்தானே!

[திரையில்: வெளித்தோல் பிளந்த காய், அருகில்]

ஆள் இருப்பது இங்கே. காய் முதிர்ந்து வெளித்தோல் பிளக்கிற நேரத்தில் ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர் என்ற பூஞ்சை உள்ளே புகுந்து ஃபியூமாரிக் அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த நஞ்சு காம்பு வழியாகக் குச்சிக்கு ஏறி இலையைக் கொல்கிறது. அதனால் இலையை விட்டுவிட்டுக் காயின் தோலைப் பிரியுங்கள். தோலுக்கும் ஓட்டுக்கும் நடுவே கருஞ்சாம்பல் நிறத்தில் வித்துகள், அதாவது பூஞ்சை பரவுகிற நுண்தூள், இருந்தால் அது ரைசோபஸ். உள்ளேயோ வெளியேயோ வெளிர் பழுப்புப் பொடி என்றால் மோனிலினியா என்ற பூஞ்சை. மை கொட்டியது போல அட்டைக் கருப்பாக இருந்தால் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் மேல் சந்தேகப்படலாம்.

மோனிலினியா பூக்கும் காலத்திலேயே வேலையைக் காட்டிவிடும். பூ கருகிப்போகும், ஆனால் உதிராமல் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அடியில் பிசின் வடியும்.

[திரையில்: ஓட்டை விழுந்த இலைகள்]

சரி, இலையில் ஓட்டை? எல்லோரும் ஓட்டையைப் பார்க்கிறார்கள், எனக்கென்னவோ இன்னும் ஓட்டையாகாத புள்ளிதான் முக்கியம். செம்புக் கலவை தெளித்து இலை கருகினாலும் இதே போல ஓட்டை விழும். கைலென்ஸ் வைத்து அந்தப் புள்ளியின் நடுவில் பாருங்கள், மிளகுத்தூள் மாதிரி சின்னக் கரும்புள்ளி தெரிந்தால் வில்சனோமைசஸ் கார்ப்போஃபிலஸ் என்ற பூஞ்சை. நுண்ணோக்கியில் அதன் வித்து குறுக்குச் சுவர்களோடு கம்பளிப்புழு போல இருக்கும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் புள்ளி இதைவிடப் பெரியது, நடுவில் கரி பூசியது போலக் கறுத்திருக்கும், அதன் வித்தில் குறுக்கே மட்டுமல்ல, நெடுக்கேயும் சுவர் உண்டு. துரு நோய்க்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், மேலே மஞ்சள் புள்ளி, இலையைத் திருப்பினால் துருப்பொடி.

காயில் பிசின் வடிந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம். ஆரஞ்சு நிறத்தில் குழிவிழுந்த புள்ளி கொலெட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சையாக இருக்கலாம், ஆனால் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவாலும் பிசின் கொட்டும், அப்படியென்றால் பூஞ்சைக்கொல்லி எவ்வளவு அடித்தாலும் வீண்தான்.

[திரையில்: பட்டை சீவிய தண்டு, பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு கோடு]

தண்டில் புண் என்றால் கண்ணை நம்பவே முடியாது. போட்ரியோஸ்ஃபேரியா குடும்பம், சைட்டோஸ்போரா, செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைகள் எல்லாமே மேலே பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பட்டையைச் சீவினால் செத்த பகுதியும் உயிருள்ள பகுதியும் சந்திக்கிற கோடு தெரியும், மாதிரியை அந்தக் கோட்டிலிருந்துதான் வெட்ட வேண்டும். நடுவில் செத்துக் கிடக்கிற மரத்தில் வந்து குடியேறிய கண்ட பூஞ்சையும் இருக்கும். வெட்டிய துண்டைப் பிளீச்சில் சற்று நேரம் முக்கி, கழுவி, பூஞ்சை வளர்க்கிற உருளைக்கிழங்கு அகார் தட்டில் வைப்பார்கள். அப்புறம் தட்டில் முதலில் எது படர்கிறதோ அதுதான் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். காய்த்தோலில் குற்றவாளியாக இருந்த அதே ரைசோபஸ், தண்டுத் துண்டிலிருந்து முளைத்தால் அநேகமாக வெறும் விருந்தாளி. தனியாகப் பிரித்த பூஞ்சையை நல்ல மரத்தில் ஏற்றி, அதே நோய் வந்து, அதிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுத்தால்தான் நிரூபணம், ராபர்ட் கோக் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இது.

[திரையில்: ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பாக மாறும் திட்டுகள் கொண்ட இலை]

ஆனால் இந்த விதிக்கே தண்ணி காட்டும் ஒன்று இருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் பழைய தொல்லையான பாலிஸ்டிக்மா என்ற இலைத்திட்டுப் பூஞ்சை, 2024இல் கலிஃபோர்னியாத் தோட்டங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இதைத் தட்டில் வளர்ப்பது மிகவும் கஷ்டம், அதனால் டிஎன்ஏ பரிசோதனையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மாதிரி அனுப்பும்போது காகிதப் பையில் போடுங்கள், எந்த மாதத்தில் எந்தப் பாகத்தில் பார்த்தீர்கள் என்று மேலே எழுதிவிடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி நாலு நாள் வைத்திருந்தால், பிரிக்கும்போது உள்ளே பஞ்சு பஞ்சாக வளர்ந்திருப்பது வேறு யாராவதாகத்தான் இருக்கும்.