நாளுக்கு நாளே ஈடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வார ஓய்வு நாளில் உழைத்த ஆலைத் தொழிலாளிக்கு உரிய ஈடு இரட்டைச் சம்பளமா, மாற்று விடுமுறையா என்ற கேள்விக்கு, மாற்று விடுமுறையே என்று வாதிட வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. (மிகைநேர வேலை) பணத்தில்தான் பள்ளிக் கட்டணமும் சீட்டுத் தவணையும் கட்டப்படுகின்றன என்றார் எதிரணி நண்பர். உண்மைதான். அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தது. ஒருவரிடம் ஞாயிறன்று வேலை வாங்கினால், அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாட்களில் ஒன்றை முழு ஓய்வாகக் கொடுக்க வேண்டும் என்றும், எப்படி மாற்றினாலும் பத்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்றும் அதன் 52ஆம் பிரிவு கூறியது. வார ஓய்வு விதியிலிருந்து விலக்கு பெற்ற ஆலையானால், இழந்த அத்தனை நாட்களையும் அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களிலோ திருப்பித் தர வேண்டும் என்றது 53ஆம் பிரிவு. இரட்டைச் சம்பளம் பேசியது 59ஆம் பிரிவு; அதுவும் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைத் தாண்டிய நேரத்துக்கு. மிகுந்த மணிக்குப் பணம், பறிபோன நாளுக்கு நாள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த இரண்டு மாதக் கணக்கு மாறவில்லை.

1884இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே திரட்டிய ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிறுதோறும் முழுநாள் ஓய்வு வேண்டும் என்றே மனு எழுதினார்கள். அந்த ஓய்வு கைக்கு வர 1890 ஜூன் வரை காத்திருந்தார்கள்.

என் தந்தை கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பிட்டர். எந்திரங்கள் நிற்பது ஞாயிறன்றுதான் என்பதால், பழுது பார்ப்பவருக்கு அதுவே கடுமையான வேலை நாள். அவர் வேலைக்குப் போன ஞாயிறுகளை அம்மா மாதக் காலண்டரில் நீலப் பென்சிலால் வட்டமிடுவார். பதில் லீவு கிடைத்தால் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். ஓராண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை பதினொரு வட்டங்கள், இரண்டே கோடுகள். ஒன்பது நாளுக்கும் பணம் ஒழுங்காக வந்தது. அந்த மே மாதம் என் அத்தையின் திருமணத்தில், கெட்டிமேளம் கொட்டும்போது அப்பா மண்டப நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு எழுப்பியவன் நான்.

தொழிலாளியே பணத்தைத்தானே விரும்புகிறார் என்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் போதாத வீட்டில் வேறு எதை விரும்ப முடியும்? அதைவிட முக்கியமான ஒன்றை எதிரணி கவனிக்கவில்லை. ஒன்பது நாள் லீவு கொடுத்தால் அந்த ஒன்பது நாளும் மாற்று ஆள் வைக்க வேண்டும். பணம் கொடுத்து முடித்துவிட்டால் அந்த ஆளே தேவைப்படாது. பணத்தை மட்டும் ஈடாக ஏற்கும் வரை, ஆள் பற்றாக்குறையைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டிருப்பவர் அந்தத் தொழிலாளிதான்.

எனவே நடுவர் அவர்களிடம் எங்கள் அணி கேட்பது இதுதான்: சம்பளச் சீட்டில் ஓ.டி. மணிக்குப் பக்கத்திலேயே, வர வேண்டிய ஓய்வு நாட்கள் எத்தனை, அவை எந்தத் தேதிக்குள் தரப்படும் என்பதையும் ஆலையே அச்சிட்டுத் தர வேண்டும்.