வெண்டை நரம்பு மஞ்சளாகிறது: பூஞ்சாணக் கொல்லி ஏன் கேட்கவில்லை?

அடுத்த கேள்வி. "வெண்டை போட்டு ஒரு மாதம் ஆகிறது. இலை நரம்பெல்லாம் மஞ்சளாக வருகிறது. பூஞ்சாணக் கொல்லி அடித்தும் நிற்கவில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்? இந்தக் காயைச் சாப்பிடலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் இரும்பு போன்ற ஏதாவது ஒரு சத்துக் குறை. நரம்பு வலை போல மஞ்சளாகி, நடுவில் பச்சை திட்டுத் திட்டாக நின்றால் அது மஞ்சள் நரம்புத் தேமல். நீங்கள் சொல்வது இரண்டாவதுதான்.

இது ஜெமினி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸால் வரும் நோய். பூஞ்சாணம் இல்லை, அதனால் பூஞ்சாணக் கொல்லி கேட்காது. செடிக்குள் போன வைரஸை அழிக்க வயலில் அடிக்கும் மருந்து எதுவும் கிடையாது. யாராவது இருக்கிறது என்று விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் காசு வீணாவதுதான் மிச்சம்.

இதைப் பரப்புவது வெள்ளை ஈ. ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். நோயுள்ள செடியில் உறிஞ்சிய வைரஸ் அதன் குடலைத் தாண்டி, உடலுக்குள் சுற்றி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் அந்த ஈ நாள் கணக்கில் போகிற செடிக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உளுந்து, பாசிப்பயறில் வரும் மஞ்சள் தேமல், தக்காளி இலைச்சுருள், மரவள்ளித் தேமல் எல்லாம் இதே குடும்பத்து வைரஸ்கள்தான். எல்லாவற்றுக்கும் வெள்ளை ஈதான் வாகனம். மரவள்ளியில் மட்டும் இன்னொரு வழியும் உண்டு. நோயுள்ள செடியின் குச்சியை வெட்டி நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். அங்கே நல்ல செடியைப் பார்த்துக் குச்சி எடுப்பதுதான் பெரிய வேலை.

சரி, இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் யோசிக்காமல் பிடுங்கி அழித்துவிடுங்கள். காய்க்கிற செடியைப் பிடுங்க மனசு வராதுதான். ஆனால் அது நிற்கும் வரை பக்கத்துச் செடிக்கு ஆபத்து. வரப்பில் துத்தி இருந்தால் அதையும் எடுங்கள், வெள்ளை ஈ அதில் தங்கும். எக்டருக்கு 12 மஞ்சள் ஒட்டுப்பொறி (பசை தடவிய மஞ்சள் அட்டை) வைத்தால் ஈ எவ்வளவு வருகிறது என்று தெரியும். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடிக்கலாம், ஆனால் இலையின் அடியில் படவேண்டும். மேலே மட்டும் நனைத்தால் பயனில்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். நன்மை செய்யும் பூச்சிகள் செத்து வெள்ளை ஈ இன்னும் பெருகிவிடும்.

வயல் முழுக்க வந்துவிட்டது என்றால் இந்தப் பயிருக்கு மேலும் செலவு செய்யாதீர்கள். அடுத்த முறை ரகத்தில் கவனம் வையுங்கள். உளுந்தில் வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்கள் இருக்கின்றன. வெண்டையில் பெங்களூரில் உருவான அர்கா அனாமிகா ஒரு காலத்தில் நன்றாகத் தாங்கியது, இப்போது பல இடங்களில் அதிலும் நோய் வருகிறது. அதனால் பெயரை மட்டும் நம்பாமல், உங்கள் பகுதியில் போன கோடையில் எந்த ரகம் தாங்கியது என்று விசாரித்து விதை வாங்குங்கள்.

காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். செடிக்கு வரும் இந்த வைரஸ் மனிதர்களைத் தொற்றாது. காய் வெளிறி, சிறுத்து, நார் பாய்ந்திருக்கும், சந்தையில் விலை போகாது, அவ்வளவுதான்.