இருட்டைப் படமெடுக்கும் தொலைநோக்கி

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

விண்வெளித் தொலைநோக்கி என்று தலைப்பில் பார்த்ததும், ஒளிரும் வாயு மேகங்களும் சுருள் விண்மீன் மண்டலங்களும் திரையில் வரும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்தப் படங்கள் இன்று எல்லார் கைப்பேசியிலும் இருக்கின்றன. நான் வேறொரு வகைப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஹப்பிள் தொலைநோக்கியின் முதன்மைக் கேமரா தன் ஷட்டரை மூடிக்கொண்டு, 900 நொடி அப்படியே இருந்து, பிறகு உணரியில் பதிந்ததைப் படித்து அனுப்புகிறது. அதில் விண்மீன் கிடையாது. ஒளியே கிடையாது. இப்படிப்பட்ட இருள் படங்களை நாள் தவறாமல் எடுத்து, ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால், நாம் வியந்து பார்த்த படங்களில் எந்தப் புள்ளி விண்மீன், எந்தப் புள்ளி கருவியின் பழுது என்று சொல்ல ஆள் இல்லை.

கருவியைப் பேணுவதை அறிவியலுக்கு வெளியே நடக்கும் எடுபிடி வேலையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கண்டுபிடிப்பவர் ஒருவர், திருகாணி முடுக்குபவர் இன்னொருவர் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹப்பிளின் ஒரு நாளைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

1990 ஏப்ரல் 24 அன்று டிஸ்கவரி விண்ணோடம் அதை மேலே கொண்டுபோனது. பூமியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 95 நிமிடம் ஆகிறது. நாளொன்றுக்குச் சுமார் 15 சுற்றுகள். விண்வெளியில் இருந்தால் எந்த நேரமும் எந்தத் திசையிலும் பார்க்கலாம் என்று தோன்றும். உண்மையில் பூமிக்கு அருகிலேயே தாழ்வாகச் சுற்றும்போது பூமியே பெரிய தடுப்பாகக் குறுக்கே நிற்கிறது. பெரும்பாலான இலக்குகள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழப் பாதி நேரம்தான் கண்ணில் படும். மீதிப் பாதியில் அவை பூமிக்குப் பின்னால் போய்விடும். அந்த மீதிப் பாதியை வீணாக்காமல்தான் இருள் படங்களை எடுக்கிறார்கள். ஷட்டர் மூடியிருப்பதால் தொலைநோக்கி எங்கே பார்த்தாலும் கவலை இல்லையே!

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே பூமியின் காந்தப்புலம் வலுவிழந்திருக்கிறது. பூமியைச் சூழ்ந்து மின்னூட்டத் துகள்கள் சிக்கியிருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டை அங்கே கீழே இறங்கி வருகிறது. ஹப்பிள் நாள்தோறும் தொடர்ச்சியாகப் பல சுற்றுகளில் அந்தப் பகுதியைக் கடக்கிறது. அப்போது அவதானிப்பை நிறுத்தியாக வேண்டும். புற ஊதா உணரிகளின் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்தோ அணைத்தோ வைக்க வேண்டும். இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட்டை 2015-இல் நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வில் மட்டுமே சுற்றவிட்டதற்கு, இந்தப் பகுதியைப் பெருமளவு தவிர்ப்பதும் ஒரு காரணம். ஹப்பிளின் சாய்வு 28.5 பாகை. அதற்குத் தப்பிக்க வழியில்லை.

அதனால் ஒரு வாரத்துக்கான வேலைத்திட்டத்தை முன்கூட்டியே நொடிக்கணக்கில் வகுக்கிறார்கள். மேரிலாந்தின் பால்டிமோர் நகரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் திட்டமிடுகிறது. அதே மாநிலத்தில் உள்ள நாசாவின் காடர்ட் மையம் கட்டளைகளை ஏற்றி இயக்குகிறது. எங்கே திரும்புவது, எந்த வடிகட்டியைப் போடுவது, எந்த வழிகாட்டி விண்மீனைப் பிடிப்பது எல்லாம் கட்டளை வரிசையாகக் கணினிக்குப் போய்விடும்.

வழிகாட்டி விண்மீன் என்றேன். ஹப்பிளில் உந்து எஞ்சின்கள் கிடையாது. அவற்றின் புகை ஆடியில் படியும் என்பதால் வைக்கவில்லை. நான்கு சக்கரங்கள் உள்ளே சுழல்கின்றன. ஒரு சக்கரத்தின் வேகத்தை மாற்றினால் தொலைநோக்கி எதிர்ப்பக்கம் திரும்பும். 90 பாகை திரும்ப ஏறத்தாழ 15 நிமிடம். திரும்பி முடிந்ததும் நுண்வழிகாட்டி உணரிகள் இரண்டு விண்மீன்களைத் தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு ஆட்டம் 0.007 வில்நொடிக்குள் அடங்கிவிடும்; ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு.

இந்தப் பிடிப்பு ஒவ்வொன்றும் அன்றாட அறிக்கையில் பதிவாகிறது. இன்று இத்தனை முயற்சி, இத்தனை வெற்றி, இந்த நேரத்தில் பூட்டு நழுவியது, அதனால் இந்த அவதானிப்பு கெட்டது என்று வறண்ட வரிகளில் இருக்கும். அந்த அறிக்கைகளைப் படிப்பது எனக்குப் பிடிக்கும். தோற்றதை மறைக்காமல், பெரிதுபடுத்தாமல், நேரத்தோடு எழுதி வைக்கும் பழக்கம் அதில் இருக்கிறது. ஒரே உணரி அடுத்தடுத்து நழுவத் தொடங்கினால், அது தேய்கிறது என்பது அந்த வரிகளில்தான் முதலில் தெரியவரும்.

இப்போது இருள் படத்துக்கு வருகிறேன். கேமராவின் சிசிடி உணரியை, அதாவது ஒளியை மின்னணுக்களாக மாற்றிப் பதியும் சிலிக்கான் சில்லை, காற்றும் காந்தப்புலமும் முழுமையாகக் காப்பதில்லை. அண்டக்கதிர்கள் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன. சில மோதல்கள் படத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் ஒரே இடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்து ஒப்பிடுகிறார்கள். வேறு சில மோதல்கள் சிலிக்கான் படிகத்தையே காயப்படுத்துகின்றன. காயம் பட்ட பிக்சல் ஒளியே இல்லாதபோதும் மின்னணுக்களைக் கசியவிடும். இதைச் சூடான பிக்சல் என்பார்கள். நாளுக்கு நாள் புதிதாக முளைக்கும். நேற்றைய பட்டியல் இன்றைக்குப் போதாது. இருள் படத்தை எடுத்து இன்றைய பட்டியலைத் தயாரித்து, இன்றைய விண்மீன் படத்தில் இருந்து அதைக் கழிக்க வேண்டும்.

இதற்கு ஒரு மருத்துவமும் உண்டு. நான் முதலில் சொன்ன முதன்மைக் கேமராவான வைட் ஃபீல்டு கேமரா 3-இன் சிசிடி மைனஸ் 83 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. மாதம் ஒருமுறை அதன் குளிரூட்டியை நிறுத்தி, ஏறத்தாழ 20 டிகிரி வரை வெதுவெதுப்பாக விடுகிறார்கள். பிறகு மறுபடி குளிர்விக்கிறார்கள். அந்த வெப்பத்தில் சூடான பிக்சல்களில் பெரும்பகுதி ஆறிவிடுகிறது. ஆறாதவை நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் தொகை கூடுகிறது.

ஆறாத இன்னொரு காயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் மிக நுட்பமான வேலை இருக்கிறது. சிசிடியில் ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்த மின்னணுக்களை வரிசை வரிசையாகத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்துதான் எண்ண முடியும். தீயணைக்க நிற்பவர்கள் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றித் தருவது போல. ஹப்பிளில் 2002-இல் பொருத்திய ஏ.சி.எஸ். என்ற இன்னொரு கேமராவில், தொலைவில் விழுந்த விண்மீனின் மின்னணுக்கள் சுமார் 2,000 கைமாற்றங்களைத் தாண்டி வர வேண்டும். படிகத்தில் காயங்கள் இருந்தால் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். சிந்தியது சற்றுப் பின்னால் வந்து சேரும். விண்மீனுக்கு வால் முளைத்தது போலத் தெரியும். ஓரத்துக்கு அருகில் இருக்கும் விண்மீனைவிடத் தொலைவில் இருப்பது மங்கலாகத் தோன்றும், இரண்டும் ஒரே பிரகாசமாக இருந்தாலும். இதை அறியாமல் அளந்தால் இல்லாத வேறுபாட்டைக் கண்டுபிடித்ததாக ஒருவர் கட்டுரை எழுதிவிடுவார். எவ்வளவு சிந்துகிறது என்று அளக்கவும் அந்த இருள் படங்களில் உள்ள சூடான பிக்சல்களின் வால்களே பயன்படுகின்றன. பழுதைக் கொண்டே பழுதை அளக்கும் இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

இருளைப் படமெடுப்பது ஒரு பக்கம். மறுபக்கம், நன்கு அறிந்த விண்மீன்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஜி.டி. 153, ஜி.டி. 71 போன்ற வெள்ளைக் குறுமீன்களின் பிரகாசம் மாறாதது என்று கொண்டு, அவை மங்கினால் கேமராதான் மங்குகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி நிறமாலைமானி. ஹப்பிளில் உள்ள காஸ் என்ற புற ஊதா நிறமாலைமானியின் கதை இன்னும் கடினமானது. அதன் உணரியில் ஒளி விழ விழ, விழுந்த இடம் தேய்ந்து போகிறது. 2009-இல் பொருத்தினார்கள், 2012-இல் நிறமாலை விழும் இடத்தை உணரியின் வேறொரு பகுதிக்கு நகர்த்தினார்கள். பிறகு 2015, 2017, 2021 என்று மேலும் நகர்த்தினார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எல்லா அளவுத்திருத்தங்களையும் முதலில் இருந்து செய்ய வேண்டும்.

அளக்கும் கருவியைச் சரியாக அளக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹப்பிளே சாட்சி. அதன் 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 2.2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்தவர்களின் கைத்திறன் குறையவில்லை. ஆடியைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்து ஒளியியலைப் பொருத்தும்வரை உலகமே அந்த மங்கலைப் பேசியது.

அப்படி ஐந்து முறை வீரர்கள் போனார்கள். கடைசிப் பயணம் 2009 மே மாதம். 2004-இல் நின்றுபோன ஸ்டிஸ் என்ற இன்னொரு நிறமாலைமானியைத் திறக்க விண்வெளி வீரர் மைக் மாசிமினோ முதலில் ஒரு கைப்பிடிக் கம்பியைக் கழற்ற வேண்டியிருந்தது. அதன் திருகாணித் தலை மழுங்கிவிட்டது. கடைசியில் கையாலேயே பிடுங்கி எடுத்தார். அதன் பிறகுதான், நூற்றுக்கு மேற்பட்ட சிறு திருகாணிகளை, ஒன்றுகூட மிதந்து போகாதபடி ஒரு தட்டில் சேகரித்துக்கொண்டே கழற்ற முடிந்தது. அந்த நிறமாலைமானி மறுபடி உயிர்பெற்றது.

அதன் பிறகு யாரும் போகவில்லை. பழுது எதுவானாலும் தரையில் இருந்தே பார்க்க வேண்டும். 2021 ஜூன் 13-இல் கருவிகளை இயக்கும் கணினி நின்றது. ஒரு மாதத்துக்கு மேல் ஆராய்ந்து, ஓய்வுபெற்ற பழைய பொறியாளர்களின் உதவியையும் பெற்று, மாற்று வன்பொருளுக்கு மாற்றினார்கள். ஜூலை 17-இல் அவதானிப்பு தொடங்கியது. இப்போதைய கவலை, தொலைநோக்கி எவ்வளவு திரும்புகிறது என்று உணரும் ஜைரோக்கள். நிமிடத்துக்கு 19,200 முறை சுழலும் சக்கரம், கெட்டியான திரவத்தில் மிதக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் தலைமுடி போன்ற கம்பிகள் அரித்து அறுகின்றன. ஆறில் எஞ்சியவற்றைக் காப்பாற்ற, 2024 ஜூன் முதல் ஒரே ஜைரோவில் இயக்குகிறார்கள். இன்னொன்றைக் கையிருப்பில் வைத்திருக்கிறார்கள். இதற்கு விலை உண்டு. திரும்பவும் பூட்டவும் கூடுதல் நேரமாகிறது. வாரத்துக்கு 85 அவதானிப்புச் சுற்றுகள் திட்டமிட்ட இடத்தில் 74 என்றானது. செவ்வாயைவிட நெருங்கி வரும் நகரும் பொருள்களைப் பின்தொடர முடியாது.

சுற்றுகள் குறையும்போது, அளவுத்திருத்த நேரத்தை வெட்டினால் என்ன என்ற கேள்வி எவருக்கும் எழும். வெட்டக் கூடாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

எச்.டி. 209458 என்ற விண்மீனின் முன்னால் அதன் கோள் கடக்கும்போது ஒளி ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைகிறது. அந்தக் கோளின் வளிமண்டலத்தில் உள்ள சோடியம் கூடுதலாக மறைப்பதோ 0.02 சதவீதம்தான். ஸ்டிஸ் அதைப் பிடித்தது. சூரிய மண்டலத்துக்கு வெளியே ஒரு கோளின் வளிமண்டலத்தை மனிதர் உணர்ந்தது அதுதான் முதல்முறை. முடிவு 2002-இல் வெளியானது. இப்படிப்பட்ட அவதானிப்பில் முதல் சுற்றின் தரவை ஒதுக்கிவிடுவது வழக்கம். புதிய திசைக்குத் திரும்பியதும் தொலைநோக்கியின் வெப்பநிலை மாறி, குவியம் மைக்ரான் கணக்கில் அசைகிறது. அது அடங்கும்வரை வரும் எண்களை நம்ப முடியாது. ஒரு முழுச் சுற்றைக் கொடுத்துதான் அந்த 0.02 சதவீதத்தை வாங்க முடிகிறது.

இரண்டாவது, எச்.ஆர். 8799. இந்த விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களை ஹவாயில் உள்ள கெக், ஜெமினி தொலைநோக்கிகள் நேரடியாகப் படமெடுத்துவிட்டன என்று 2008 நவம்பரில் அறிவித்தார்கள். ஹப்பிளின் நிக்மாஸ் கேமரா அதே விண்மீனை 1998-இலேயே எடுத்திருந்தது; அப்போது அதில் எதுவும் தெரியவில்லை. 2009-இல், கருவிக்குள் சிதறும் விண்மீன் ஒளியை நுட்பமாகக் கணித்துக் கழித்தபோது வெளிக்கோள் தென்பட்டது. 2011-இல் இன்னும் மேம்பட்ட முறையில் கழித்தபோது மற்ற இரண்டும் வந்தன. மிக மெதுவாக நகரும் அந்தக் கோள்களுக்கு, அறிவிப்புக்குப் பத்தாண்டு முந்தைய இருப்பிடம் கிடைத்துவிட்டது. சுற்றுப்பாதையைக் கணக்கிடுபவர்களுக்கு அது பெரிய செல்வம். 1998-இல் கேமரா எப்படி நடந்துகொண்டது என்ற பதிவை அன்றைக்கே எடுத்து வைக்காமல் போயிருந்தால், 2011-இல் எந்தத் திறமையாலும் அதை உருவாக்கியிருக்க முடியாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஜைரோ பற்றியும், அடுத்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடிகளை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பது பற்றியும் இன்னும் பேசலாம்.