வீட்டுல ட்ரைமரான் கட்டப்போறீங்களா? முதல்ல ஒரு தராசு வாங்குங்க

வணக்கம் மக்களே. நம்ம கடற்கரையில நிக்கிற ஃபைபர் போட்டை தட்டிப் பாத்திருக்கீங்களா? அச்சுக்குள்ள கண்ணாடி இழை மேட்டை விரிச்சு, பாலியஸ்டர் ரெசின்ங்கிற பசையை ரோலர்ல தேச்சு அடுக்கடுக்கா ஏத்துனது, நல்ல கனமா இருக்கும். தினமும் மணல்ல வந்து மோதுற போட்டுக்கு அந்தக் கனம் வேணும். ஆனா அதே கைப்பழக்கத்தோட ட்ரைமரான், அதாவது மூணு உடல் சேர்ந்த பாய்மரப் படகு, கட்ட ஆரம்பிச்சா அது வீணாயிடும்.

ஏன்னா, ஒத்தை ஹல் (படகோட உடல்) இருக்குற பாய்மரப் படகுல பெரும்பாலும் அடியில ஈயமோ இரும்போ வெச்ச கீல் இருக்கும், காத்து சாய்ச்சா அந்த எடை இழுத்து நிமித்திடும். ட்ரைமரான்ல அது கிடையாது, நடுவுல ஒரு ஹல், ரெண்டு பக்கமும் ஃப்ளோட், அந்த அகலம்தான் படகை நிக்க வெக்குது. அதனால நீங்க தேவையில்லாம ஏத்துற ஒவ்வொரு கிலோவும் மெலிசான ஹல்லை தண்ணிக்குள்ள அமுக்குறதுக்குத்தான், அப்புறம் வேகம் எங்க இருந்து வரும்?

வீட்டுல கட்டுறவங்களுக்குன்னே பிளான் போட்டுக் குடுத்தவர் நியூசிலாந்துல பொறந்த இயான் ஃபேரியர், 2017ல காலமாயிட்டாரு. ஃப்ளோட்டை மடிச்சு ட்ரெய்லர்ல ஏத்துற மாதிரி அவர் பண்ண டிசைன் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவரோட முறையில பெரிய அச்சு தேவையில்ல. பலகையில வெட்டுன ஃப்ரேம், அதுல நீளமா சட்டம், அதுக்குள்ள பிவிசி ஃபோமை ஹீட் கன்ல சூடாக்கி வளைச்சு, வெளியில இருந்து ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கணும். உள்பக்கம் கண்ணாடி இழைத் துணி போட்டு எபாக்சி ரெசின் ஏத்தி, காஞ்சதும் பாதி ஹல்லா வெளிய எடுக்கலாம். ரெண்டு பாதியையும் ஒட்டுனதுக்கு அப்புறம்தான் வெளிப்பக்கத் துணி. நடுவுல ஃபோம், ரெண்டு பக்கமும் மெலிசா தோல், அந்தத் தோல் ரெண்டும் விலகி நிக்கிறதாலதான் எடை ஏறாமலே ஹல் விறைப்பா நிக்குது.

[திரையில்: கணக்கு]

இப்போ 30 சதுர மீட்டர் பரப்புக்கு, சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள துணி ஒரு அடுக்கு போடுறோம்னு வெச்சுக்குவோம். துணி மட்டும் 18 கிலோ. கையால நல்லா பண்ணா ரெசினும் 18 கிலோ. பத்தாதோன்னு பயந்து அதிகமா ஊத்துனா, அதாவது மொத்த எடையில துணி 35 சதவீதம்தான்னு ஆயிட்டா, ரெசின் 33 கிலோ தாண்டும். ஒரே அடுக்குல 15 கிலோ சும்மா! வலு குடுக்குறது இழைதான், ரெசின் அதைப் பிடிச்சு வெக்குற பசை, அவ்ளோதான்.

வேக்கூம் பேக் போட்டா, அதாவது ஷீட்டால மூடி உள்ள இருக்குற காத்தை பம்ப்ல உறிஞ்சுனா, ரெசின் இன்னும் குறையும். மேல பீல் ப்ளை (காஞ்சதும் உரிச்சு எடுக்குற துணி), உறிஞ்சுற துணி, பிளாஸ்டிக் ஷீட், ஓரமெல்லாம் சீல், பம்ப் ஆன். பாதி வேக்கூம் கிடைச்சாலே சதுர மீட்டருக்கு 5 டன் அழுத்தம், அதிகப்படி ரெசின் உறிஞ்சுற துணிக்கு ஏறிடும். ஒரு ஓட்டை இருந்தாலும் காத்து உள்ள போயிடும், அதனால ரெசின் கலக்குறதுக்கு முன்னாடியே காலி பேக்ல ஒருதடவை டெஸ்ட் பண்ணிடுங்க.

எபாக்சியில சீக்கிரம் காயட்டும்னு, அதை இறுக வெக்குற ஹார்ட்னரைக் கூட்டாதீங்க, கம்பெனி சொன்ன அளவை தராசுல நிறுத்துதான் கலக்கணும், இல்லன்னா அது ஒழுங்கா இறுகவே இறுகாது. கலந்ததை கப்புலயே விட்டா சூடேறி புகையும், அகலமான ட்ரேயில ஊத்துங்க. கையுறை இல்லாம தொடவே வேண்டாம், ஒருதடவை எபாக்சி அலர்ஜி வந்துட்டா அது வாழ்நாளுக்கும் கூடவே இருக்கும். காஞ்சதை உப்புத்தாள்ல தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசு கண்ணாடி இழைங்க.

ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டு அது மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க. ரெண்டாவது ஃப்ளோட் பெரும்பாலும் முதல் ஃப்ளோட்டை விட லேசா வரும், கை அதுக்குள்ள பழகியிருக்கும். அதனால மொதல்ல சுக்கான், அப்புறம் ஃப்ளோட், மெயின் ஹல்லைக் கடைசியா தொடுங்க.