அறுவைக்கு முன் எடுக்கும் மூளைப் படம்: எதைக் கொண்டு மதிப்பிடுவது?

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

மூளையில் கட்டி இருக்கிறது என்றோ, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு மூளையின் ஒரு பகுதியை அகற்ற வேண்டும் என்றோ மருத்துவர் சொல்லும் நாளில், குடும்பத்தார் முன் ஒரு படம் வைக்கப்படுகிறது. சாம்பல் நிற மூளையின்மீது சிவப்பும் மஞ்சளுமாகச் சில திட்டுகள் தெரியும். பேச்சு இங்கே இருக்கிறது, கட்டி அங்கே இருக்கிறது என்று விளக்குவார்கள். அத்தகைய படங்களை எடுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அந்தத் திட்டுகள் எப்படித் தோன்றுகின்றன, அவற்றை நாங்கள் எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறோம், சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தப் படம் எடுக்கும்போது கூடுதலாக எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

செயல்நிலை எம்ஆர்ஐ எனப்படும் இம்முறையின் அடிப்படையை 1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். மூளையின் ஓரிடம் வேலை செய்யும்போது, அது செலவிடும் ஆக்ஸிஜனைவிடக் கூடுதலான ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டு இரத்தம் அங்கே பாய்கிறது. அதனால் ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபினின் விகிதம் அங்கே குறைந்து, காந்தச் சமிக்ஞை சற்றே உயர்கிறது. அந்த உயர்வு உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடிகள் ஆகின்றன. ஆகவே நாம் காண்பது நரம்பணுக்கள் பேசும் பேச்சை அன்று. அவற்றுக்குப் பின்னால் ஓடிவரும் இரத்தத்தின் அசைவை. உடல்நலமுள்ளவரிடம் இந்த இரண்டும் சேர்ந்தே நடப்பதால் சிக்கலில்லை. ஆனால் வேகமாக வளரும் கட்டியின் ஓரத்தில் இரத்தக் குழாய்கள் இயல்பாக விரிய இயலாத நிலைக்குப் போய்விடுவதுண்டு. அப்போது நரம்பணுக்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். படத்தில் மட்டும் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். நிறம் விழுந்த இடத்தைவிட, கட்டியை ஒட்டி நிறம் விழாத இடத்தைக் கண்டே நான் அதிகம் அஞ்சியிருக்கிறேன். நோயாளியைச் சிறிது நேரம் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, அங்குள்ள இரத்தக் குழாய்கள் ஈடுகொடுக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை இதற்காகவே இருக்கிறது.

திட்டுகளின் அளவைப் பற்றியும் ஒரு சொல். எவ்வளவு வலுவான சமிக்ஞைக்கு நிறம் கொடுப்பது என்று நாங்கள் வைக்கும் புள்ளியியல் வரம்பைச் சற்று உயர்த்தினால் அவை சுருங்கும், தாழ்த்தினால் பரவும். ஆகவே திட்டின் விளிம்பை நிலத்தின் எல்லைக்கல்லைப் போல எண்ணி, அதிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் தூரம் அளப்பது தவறாகும்.

சரிபார்ப்புக்கு வருகிறேன். பேச்சு இடப்பக்கத்தில் இருக்கிறதா, வலப்பக்கத்தில் இருக்கிறதா என்று அறிய, ஜூன் வாடா என்ற ஜப்பானியர் 1949இல் வெளியிட்ட முறை நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. கழுத்துத் தமனி வழியாக மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் உறங்கவைத்து, நோயாளியால் பேச முடிகிறதா என்று பார்ப்பார்கள். தமனிக்குள் குழாய் செலுத்துவதில் ஆபத்து உண்டு. பக்கம் தெரியுமே தவிர இடம் தெரியாது. 2017இல் அமெரிக்க நரம்பியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல், வலிப்பு நோயாளிகள் பலருக்கு மொழியின் பக்கத்தைக் கண்டறிய வாடா சோதனைக்கு மாற்றாகச் செயல்நிலை எம்ஆர்ஐயைக் கருதலாம் என்று கூறியது. பக்கம் அறியும் கேள்விக்குப் படம் தேறிவிட்டது என்று சொல்லலாம்.

துல்லியமான இடத்தை அறியும் கேள்விக்கு அது அப்படித் தேறவில்லை. அங்கே அளவுகோல், நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்க்கும் முறைதான். கனடாவின் மொன்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவர் வளர்த்தெடுத்தது அது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நோயாளி படங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார். ஓரிடத்தைத் தொட்டதும் பெயர் வராமல் நின்றுவிட்டால், அந்த இடத்தை விட்டுவைப்பார்கள். ஸ்கேன் படம் ஒரு வேலையில் பங்குகொள்ளும் எல்லா இடங்களையும் காட்டுகிறது. மின்தூண்டலோ, இல்லாமல் முடியாத இடத்தைக் காட்டுகிறது. மூளைக்கட்டி நோயாளிகள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய அறிக்கைகளை 2012இல் தொகுத்து ஆராய்ந்தபோது, நீடித்து நிற்கும் கடுமையான குறைபாடு மின்தூண்டலுடன் அறுவை செய்தவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கும், அது இல்லாமல் செய்தவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தொடுதலுக்கு ஈடாக அதை வைக்க நான் ஒப்பமாட்டேன். எங்கே தொடத் தொடங்குவது என்று காட்டுவதே அதன் பணி. நரம்பு இழைகளின் பாதையை வரைந்து காட்டும் டிராக்டோகிராஃபிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2017இல் பல ஆய்வுக் குழுக்களின் கணிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, உண்மையான இழைக்கற்றைகளில் பெரும்பாலானவற்றை அவை கண்டுபிடித்தன. அதே வேளையில், இல்லாத கற்றைகளை அவற்றைவிட அதிகமாகவே வரைந்திருந்தன. போதாக்குறைக்கு, மண்டையைத் திறந்ததும் மூளை சற்றே சரிந்து இடம் மாறுகிறது. முந்தைய நாள் படம் அப்போது பழைய படமாகிவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. இந்த எண்களுக்குள் வீட்டில் தமிழ், வேலையிடத்தில் ஆங்கிலம், சந்தையில் மலாய் என்று வாழும் முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். இரு மொழி அறிந்த நோயாளிகளிடம் மின்தூண்டல் செய்து ஓஜிமன், விட்டேக்கர் என்ற ஆய்வாளர்கள் 1978இல் எழுதிய கட்டுரை, சில இடங்களைத் தொட்டால் இரண்டு மொழிகளும் தடைப்படுவதையும், வேறு சில இடங்களில் ஒரு மொழி மட்டும் தடைப்படுவதையும் பதிவு செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எடுத்த படத்தை வைத்து, ஒருவருடைய தமிழும் பாதுகாப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

சோதனையை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கொடுத்து, அதில் தொடங்கும் சொற்களை மனத்துக்குள் சொல்லச் சொல்வார்கள். தமிழில் ‘க’ என்று கொடுத்தால் ‘கிளி’யும் ‘கோழி’யும் சேருமா, சேராதா? நமக்கு எழுத்து 247. தமிழை வாய்மொழியாக மட்டுமே அறிந்த பாட்டிக்கு அந்தக் கேள்வியே பொருளற்றது. ஸ்கேனுக்குள் அவர் பேசாமல் படுத்திருப்பார். படம் மங்கலாக வரும். நோயால் மங்கியதா, கேள்வி புரியாமல் மங்கியதா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை, ஆங்கிலத்தில் சோதித்தபோது படத்தில் ஏறக்குறைய ஒரு திட்டும் விழாத ஒரு முதியவருக்கு, அவர் பேசும் தமிழிலேயே வினைச்சொல் கேட்டு மறுபடி எடுத்தோம். நாய் என்றால் குரைக்கும், மழை என்றால் பெய்யும். இடப்பக்கம் தெளிவாக ஒளிர்ந்தது. முதல் படத்தை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு இன்னும் அகலவில்லை.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பதும் சிறிய கேள்வி அன்று. நாற்காலிப் படத்தைக் காட்டினால் நம்மில் பலர் ‘சேர்’ என்போம். அதைப் பிழை என்று குறிப்பவர் நோயாளியின் மூளையைச் சோதிக்கவில்லை; அவருடைய தமிழ்ப் பாடத்தைச் சோதிக்கிறார்.

ஆகவே உங்கள் வீட்டில் எவருக்கேனும் இத்தகைய ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், அவர் எந்த மொழியில் கணக்குப் போடுகிறார், எந்த மொழியில் கோபப்படுகிறார், எதில் படிக்கிறார், எந்தக் கையால் எழுதுகிறார் என்பதைத் தாதியிடமும் மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்கேனுக்கு முன் ஒத்திகை உண்டா என்று கேளுங்கள். ஒத்திகையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி வாய்விட்டுப் பெயர் சொல்லச் செய்து, அவருக்கு வராத பெயர்களை அப்போதே நீக்கிவிட வேண்டும். எஞ்சிய படங்களைத்தான் அறுவைக் கூடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு படத்தின் முன் அவர் மௌனமானால், அது அந்தச் சொல்லை அறியாததால் வந்த மௌனம் அன்று, மின்சாரம் தொட்டதால் வந்த மௌனம் என்பது அறுவை மருத்துவருக்கு அந்த நொடியிலேயே தெரியவேண்டும்.