செத்த செல் திரும்பாது, கை திரும்பலாம்: பக்கவாதத்துக்குப் பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது?

[திரையில்: மொட்டைமாடி, துணிக்கொடி. மஞ்சள் பிளாஸ்டிக் கிளிப். அதைப் பிடித்திருக்கும் வயதான கை.]

இது எங்கள் அப்பாவின் கை. இடம் வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிளிப்பைப் பிடித்திருக்கின்றன, அழுத்துகிறார், விரல் நுனி வெளுத்துப்போகிறது, தோள்பட்டை தானாக மேலே ஏறுகிறது, ஆனால் கிளிப் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. பின்னால் கேட்கும் குரல் பிசியோதெரபி செய்யும் தம்பியுடையது: "தோளத் தூக்காதீங்க ஐயா, விரல் மட்டும் வேலை செய்யட்டும்." பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம் எடுத்த வீடியோ இது.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார் ஒரு பெரியப்பா. ஸ்டெம் செல் ஊசி போட்டால் செத்த நரம்பெல்லாம் மறுபடி முளைக்கும், சில லட்சம்தான் ஆகும் என்று ஒரு சிகிச்சை மையத்திலிருந்து போன் வந்தது, பெயர் வேண்டாம். அம்மா நகையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். அன்று ராத்திரிதான் நான் படிக்க உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் செத்த மூளைச் செல் திரும்ப முளைக்குமா, முளைக்காது என்றால் ஆட்கள் எப்படித் தேறுகிறார்கள் என்ற இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் அந்த நகையை விற்க எனக்கு மனசில்லை.

[திரையில்: மூளையின் ரத்தக்குழாய்ப் படம். ஒரு குழாயில் அடைப்பு.]

முதலில் அடைப்பு நடக்கும் நேரத்துக்குப் போவோம். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் இழுக்கும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது, சேமிப்பு என்று அதனிடம் ஒன்றும் கிடையாது. ரத்தக்கட்டி ஒரு குழாயை அடைத்ததும் அந்தப் பகுதியில் செய்தி கடத்தும் மூளைச் செல்களான நியூரான்களுக்கு உள்ளே உப்புச் சமநிலையைக் காப்பாற்றும் பம்புகள் நின்றுபோகின்றன. அந்த நியூரான்கள் வைத்திருக்கும் குளூட்டமேட் என்ற ரசாயனம் மொத்தமாக வெளியே கொட்டுகிறது. சாதாரணமாகத் துளித்துளியாகச் செய்தி சொல்லப் பயன்படும் அதே பொருள், வெள்ளமாக வரும்போது பக்கத்துச் செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிட்டு அதை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைத்து வைத்தியமே இல்லாமல் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான் சாகிறது என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006இல் கணக்கிட்டார்.

நடுவில் இருப்பது சீக்கிரம் செத்துவிடுகிறது. அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, கிரகணத்தில் அரைநிழல் என்போமே, அதே பெயர்தான் இதற்கும், பெனம்ப்ரா. பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் அந்தச் செல்கள் வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி என்று சொல்வதும், சிலருக்கு ஸ்கேன் பார்த்து 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதும் இந்த வளையத்துக்காகத்தான். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் படுத்துத் தூங்கிப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், உடனே 108. நாங்கள் இரண்டு மணி நேரம் வீணாக்கினோம், வெயிலில் மயக்கம் என்று மோர் கொடுத்துக்கொண்டு. குழறும் வாயில் மோர் கொடுத்ததே தப்பு, புரை ஏறியிருக்கும்.

சரி, அதெல்லாம் முடிந்துவிட்டது, செத்தது செத்துவிட்டது. இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

[திரையில்: கார்பன் அணுவின் எளிய கோட்டுப்படம்.]

மனுஷ மூளையில் புதிய நியூரான் பிறக்குமா? நூறு வருஷம் முன்பு ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹால், நியூரான்களை வரைந்து வரைந்து நமக்குக் காட்டிய மனிதர், வளர்ந்த மூளையில் எல்லாம் சாகலாம், எதுவும் திரும்ப வளராது என்ற பொருளில் எழுதினார். 1960களில் ஜோசஃப் ஆல்ட்மன் எலி மூளையில் புதிய நியூரான்களைக் கண்டார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் 2002இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஒரு குழு எலிகளுக்குப் பக்கவாதம் வரவைத்துப் பார்த்தது. மூளைக்குள் ஒரு ஓரத்தில் இருக்கும் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், பெருகி, புதுச் செல்களாகி, அடிபட்ட இடம் நோக்கி நகர்ந்தே வந்தன. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த வரியிலேயே விஷயம் இருந்தது: வந்தவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்தன, மிஞ்சியவை இழந்த நியூரான்களில் சுமார் 0.2 சதவீதத்தைத்தான் ஈடுகட்டின.

அது எலி. மனிதனில் எப்படிப் பார்ப்பது? இதற்கு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு பிடித்த வழி என்னை அசரவைத்தது. 1950களிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள் அல்லவா, அதனால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. அந்தக் கார்பனைச் செடி எடுக்கிறது, செடி வழியாகச் சோற்றில் வருகிறது, சோறு வழியாக நமக்குள் வருகிறது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவுக்குள் அந்த வருஷத்துக் கார்பன் அளவு பதிந்துவிடுகிறது, செல் மறுபடி பிரியாவிட்டால் அப்படியே இருக்கும். ஆக ஒவ்வொரு நியூரானுக்குள்ளும் பிறந்த தேதி முத்திரை இருக்கிறது. பக்கவாதம் வந்து பின்னாளில் இறந்தவர்களின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் மேலடுக்கை, எடுத்து இப்படி அளந்தார்கள், 2014இல் முடிவு வெளியானது. அடிபட்ட இடத்து நியூரான்களின் வயதும் அந்த மனிதரின் வயதும் ஒன்றே. புதிதாகப் பிறந்ததற்கு அடையாளம் இல்லை.

ஞாபகசக்திக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் பிறக்கிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை, 2018இல் இல்லை என்று ஒரு குழு, 2019இல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று இன்னொரு குழு. அதை இங்கே விட்டுவிடுகிறேன், கையை அசைக்கும் இடம் அது இல்லை.

[திரையில்: அடையாறு ஆலமரம்.]

அப்படியென்றால் ஆட்கள் எப்படித் தேறுகிறார்கள்? அடையாறில் தியசாபிகல் சொசைட்டி வளாகத்து ஆலமரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அதன் தாய்மரம் 1989இல் காற்றில் சாய்ந்துவிட்டது. ஆனால் மரம் போகவில்லை, விழுதுகள் இருக்கின்றன, அவைதான் இன்று மரம். மூளையிலும் கிட்டத்தட்ட இதுதான். செத்த குழிக்குப் பக்கத்தில் தப்பித்த நியூரான்கள் புதுக் கிளை விடுகின்றன. ஏற்கெனவே இருக்கும் செல்தான், பிறந்தது 60 வருஷம் முன்பு, ஆனால் அதன் நரம்பிழை புதிய திசையில் நீள்கிறது, புதிய இணைப்பு போடுகிறது. கருவில் குழந்தையின் மூளை தன்னை இணைத்துக்கொண்டபோது வேலை செய்த மரபணுக்களில் சில மறுபடி எழுகின்றன. எலிகளில் முதல் சில வாரங்களில் இது உச்சத்தில் இருக்கிறது. 2015இல் லாஸ் ஏஞ்சலஸில் தாமஸ் கார்மைக்கேல் குழு, ஜிடிஎஃப்10 என்ற புரதம் இந்தக் கிளைவிடுதலைத் தூண்டும் ஒரு சமிக்ஞை என்று காட்டியது.

கரு மூளை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நம்மூர் விஷயம். சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மனித மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, செல் செல்லாகப் படமெடுக்கிறது. 2024 டிசம்பரில் கரு மூளைகளின் 5,132 சீவல் படங்களை 'தரணி' என்ற பெயரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இயல்பான மூளை எப்படித் தன்னைக் கட்டுகிறது என்று தெரிந்தால்தானே, உடைந்தது கட்டும்போது எது குறைகிறது என்று பார்க்க முடியும். கிண்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஞாபகம் வருகிறது.

ஆனால் கிளை விடுவது அவ்வளவு சுலபம் இல்லை, மூளையே பிரேக் போடுகிறது. நரம்பிழையைச் சுற்றியுள்ள உறையில் நோகோ என்ற புரதம் வளராதே என்கிறது. நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் நட்சத்திர வடிவச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் தழும்பு கட்டுகின்றன. (இந்தத் தழும்பு வெறும் வில்லன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். தண்டுவடம் அடிபட்ட எலிகளில் தழும்பைத் தடுத்துப் பார்த்தபோது நரம்பு வளரவில்லை, நிலைமை மோசமானது என்று 2016இல் வந்தது. அதே வருஷம் பாஸ்டனில் இன்னொரு குழு, எலிகளில் ஆஸ்ட்ரோசைட் தனக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையே திணறும் நியூரானுக்குக் கொடுப்பதைக் கண்டது. தன் சோற்றைப் பக்கத்து இலையில் வைப்பது மாதிரி.)

இன்னொரு பிரேக் காபா, நியூரானை அமைதியாக்கும் ரசாயனம். 2010இல் கார்மைக்கேல் குழு எலிகளில் கண்டது: குழியைச் சுற்றி காபாவின் அடக்குமுறை தேவைக்கு மேல் நீடிக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து மருந்தால் அதைத் தளர்த்தினால் கை நன்றாகத் தேறியது. அதே மருந்தை உடனே கொடுத்தால் குழி பெரிதானது! முதல் நாளில் காப்பாற்றும் அதே காபா, அடுத்த வாரத்தில் தடுக்கிறது. ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்பது எந்த நாளில் என்பதைப் பொறுத்தது. சிசிஆர்5 என்ற புரதமும் இப்படி ஒரு பிரேக்தான் என்று 2019இல் தெரிந்தது, அதைத் தடுக்கும் மராவிராக் என்ற எச்ஐவி மாத்திரை எலிகளுக்கு உதவியது, இப்போது மனிதர்களிடம் சோதிக்கிறார்கள். கடையில் கேட்டு வாங்கும் கட்டத்தில் இல்லை, தயவுசெய்து வேண்டாம்.

[திரையில்: ஒரு குரங்கு சின்னக் குழியிலிருந்து தீனியை விரலால் எடுக்கும் கோட்டுப்படம்.]

சரி, கிளை விடுகிறது, எந்தப் பக்கம் விட வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? 1996இல் ராண்டால்ஃப் நூடோ அணில்குரங்குகளில் இதைப் பார்த்தார். கையை இயக்கும் இடத்தில் சிறிய பாதிப்பை உண்டாக்கி, சும்மா விட்டவற்றில் பக்கத்தில் மிச்சமிருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போனது. சின்னச் சின்னக் குழியிலிருந்து தீனியை விரலால் எடுக்கப் பழக்கியவற்றில் அது சுருங்கவில்லை, சிலவற்றில் விரிந்தது. எங்கள் மொட்டைமாடிக் கிளிப் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அதற்காக முதல் நாளே எழுப்பி நடத்தாதீர்கள். 2,104 பேரை வைத்து நடந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தார்கள், 2015இல் வந்தது. எப்போது கூடுதல் பலன்? 2021இல் வாஷிங்டனில் 72 பேரிடம் 20 மணி நேரக் கூடுதல் கைப்பயிற்சியை வெவ்வேறு காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்து இரண்டு முதல் மூன்று மாதம் ஆனபோது கொடுத்தவர்களுக்குத்தான் மிக அதிகம், ஆறு மாதம் தாண்டிக் கொடுத்த அதே 20 மணி நேரத்துக்கு அந்தப் பலன் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் வருவதும் நின்று, ஆள் கட்டிலில் படுத்து டிவி பார்க்கும் காலம்தான் அது. அங்கேதான் நம் வீடுகளில் விட்டுவிடுகிறோம்.

இனி அந்த ஊசி. ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய் இல்லை, நேர்மையாக நடக்கிறது, நானும் அதை நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன். ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து ஏற்றும் செல் மூளையில் போய் நியூரானாக உட்கார்ந்துகொள்வதில்லை, வளர்ச்சிக்கு உதவும் பொருள்களைக் கசியவிட்டுச் சில காலத்தில் மறைந்துவிடுகிறது. நம் நாட்டிலேயே எய்ம்ஸ் தலைமையில் 5 மையங்களில் 120 பேரிடம் முறையாகச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஆபத்தில்லை, ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் நடந்த பெரிய சோதனை ஒன்றும் 2022இல் தன் முக்கிய இலக்கைத் தொடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் என்பது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான். ஆய்வு என்றால் உங்களிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவின் நகை திரும்ப பீரோவுக்குப் போனது.

அந்த ஊசிக்குக் கேட்ட பணத்தில் ஒரு சிறு பகுதிதான் பிசியோவுக்குச் செலவானது. அதற்கும் வசதி இல்லாதவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கேளுங்கள், 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிறது, பிரஷர் சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு ஒரு வருஷம் தாண்டிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 வருஷம் வரை ஆன 108 பேருக்குக் கழுத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியை வைத்து எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மட்டும் கையை அசைக்கும் அதே நொடியில் நிஜமாகத் தூண்டினார்கள், 2021இல் வந்தது. தூண்டல் கிடைத்தவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் நான் கவனித்தது இன்னொன்று, தூண்டாமல் வெறும் பயிற்சி மட்டும் செய்தவர்களும் கொஞ்சம் முன்னேறினார்கள், அத்தனை காலம் கழித்தும்.

[திரையில்: அதே மொட்டைமாடி. அதே கிளிப்.]

இது பதினோராவது வாரம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். தோள் ஏறவில்லை பாருங்கள். விரல் வெளுக்கிறது, நிற்கிறது, மறுபடி அழுத்துகிறார், 'டக்'. அது அவருடைய துண்டு, அவரே மாட்டினார். அம்மா பின்னால் ஏதோ சொல்கிறார், அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

இப்போது நீலக் கிளிப்புக்கு வந்திருக்கிறார். அதன் ஸ்பிரிங் இதைவிட இறுக்கம், இன்னும் திறக்கவில்லை. தினமும் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம் மாடியில் உட்காருகிறோம்.